பத்தாண்டுக் கட்டம்

வருஷக் கடைசி வாரத்தில் எங்கள் நீதிமன்ற வளாகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், இங்கே நீதி தலைதெறிக்க ஓடுகிறது என்றுதான் நினைப்பார்கள். மற்ற மாதங்களில் கொட்டாவி விட்டபடி வாய்தா கொடுக்கும் அதே அறையில், அந்த ஒரு வாரம் மட்டும் பெயர் கூப்பிடும் சேவகருக்குத் தொண்டை கட்டிவிடும். மூன்று தடவை கூப்பிடுவார். ஆள் இல்லையென்றால் வழக்கு தள்ளுபடி. மறுபடி அடுத்த பெயர், மூன்று தடவை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாற்பது வழக்கு பைசலான கதையெல்லாம் உண்டு.

எல்லாம் ஆண்டறிக்கைக்காக. எத்தனை வழக்கு வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை நிலுவை, எதற்கு என்ன வயசு என்று கட்டம் கட்டமாக நிரப்பி ஒவ்வொரு நீதிமன்றமும் மேலே அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் நீதிபதிக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அதனால் டிசம்பர் வந்தால் நோஞ்சான் வழக்குகளாகப் பொறுக்கி, ஆள் வராத நாளாகப் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். ஜனவரியில் ஒரு மனு போட்டால் மறுபடி உயிர் வந்துவிடும். வளாகத்துப் பேச்சில் முதலாவதற்குப் பெயர் 'தூங்க வைப்பது'. இரண்டாவது 'எழுப்புவது'. இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். எழுப்புகிற மனுக்களைத் தட்டச்சு செய்துதான் என் ஜனவரி ஓடும்.

வளாகத்தின் உள்சுவரை ஒட்டி, தகரக் கூரைக்குக் கீழே இருபத்தாறு வருஷமாக என் மேஜை கிடக்கிறது. அலுவலகத்துக்கு மனு வாங்கும் ஜன்னல் எனக்கு நேர் எதிரே. முன்பு டைப்ரைட்டர், இப்போது கம்ப்யூட்டர். மழை பெய்தால் அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாள், எனக்கு மேல் ஒன்றுமில்லை.

நான் குடியிருப்பது குமாஸ்தா வீட்டு மாடியில். நீதிமன்றத்தின் ஆண்டறிக்கையைத் தயாரிக்கிற குமாஸ்தா அவன்தான். வளாகத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் 'கட்டம்'. எங்கே நின்றாலும் கட்டத்தைப் பற்றித்தான் பேசுவான். ஒரு கல்யாண வீட்டில் நான் பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போது பக்கத்தில் வந்து குனிந்து, "அண்ணே, நாலாவது கட்டமும் ஏழாவது கட்டமும் ஒத்துப்போகலண்ணே" என்று காதில் சொன்னவன். நல்லவன்தான். யாரிடமும் கை நீட்டாதவன். அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கீழ்வீட்டில் அவன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், அவனுடைய அக்கா. அக்கா தையல்காரி. வக்கீல்களின் கறுப்புக் கோட்டும் அங்கியும் அவள் கைவேலை. எங்கள் வளாகத்தில் நல்ல தோள் வைத்த அங்கி எதைப் பார்த்தாலும் அவள் தைத்ததாகத்தான் இருக்கும். பின்னறையில், ஒரு சின்ன ஜன்னலுக்கு முதுகு காட்டி, ஒரே ஒரு மிஷினை வைத்துக்கொண்டு தைப்பாள். அவளுக்கென்று ஒரு அறை இருந்தது. புருஷன் கட்டியது. இரண்டு தெரு தள்ளி, வீதியைப் பார்த்த அகலமான ஜன்னலோடு, துணி வெட்டும் பெரிய மேஜையும் இரண்டு மிஷினும் போட்ட அறை. புருஷன் இறந்த இரண்டாம் மாதம் அவருடைய அண்ணன் அதற்குப் பூட்டுப் போட்டார். அவள் வழக்குப் போட்டாள். முதல் மனுவை அடித்தவன் நான். அதற்குப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

"ரூமுக்காக இல்லண்ணே, அந்த ஜன்னலுக்காகத்தான் அலையறேன்" என்பாள். "கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓட்டணும்னா வெளிச்சம் வேணும். இங்க நான் தடவித் தடவித்தான் தைக்கிறேன். இன்னும் நாலு வருஷம் இப்படியே போனா, தடவுறதுக்கும் கை இருக்கும், கண்ணு இருக்காது."

போன டிசம்பரில் நீதிபதி ஐயா ஒரே ஒரு ஆசைப்பட்டார். பத்து வருஷம் தாண்டிய நிலுவை என்ற கட்டம் இந்தத் தடவை காலியாக இருக்க வேண்டும். கெட்ட மனிதர் இல்லை. அந்தக் கட்டத்தில் இருந்த ஒன்பது வழக்குகளில் எட்டை உட்கார்ந்து நிஜமாகவே விசாரித்து முடித்தார். ஒன்பதாவதில் எதிர்ப்பக்கம் பத்திரத்தைத் தராமல் ஆறு மாதமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தது. அது தையல்காரியின் வழக்கு. அவள் குமாஸ்தாவின் அக்கா என்பது ஐயாவுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை.

அந்த வழக்கு நாளன்று நல்ல மழை. நான் குடையைத் தேடிக் கீழே இறங்கியபோது அவள் வாசலை ஒட்டி உட்கார்ந்து, கதவைத் திறந்துவைத்து, கிடைத்த வெளிச்சத்தில் ஒரு புது அங்கிக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, இன்னைக்கு உங்களுக்கு வாய்தா இல்ல?"

"வாய்தாதாண்ணே. தம்பி வர வேணாம்னுட்டான். ஜட்ஜ் ஐயா அறிக்கைக்குப் போட்டோ எடுக்கறாராம், சாயங்காலத்துக்குள்ள அங்கி வேணுமாம். 'உன் கேஸை எப்படியும் தள்ளித்தான் வைப்பாங்க, நீ வந்து மழையில நனைஞ்சு என்ன பண்ணப் போற, இதை முடிச்சுக் கொடு'ங்கறான்."

"வக்கீல் போவாருல்ல?"

"அவருக்கு இன்னைக்கு வெளியூர்ல கேஸாம். போனா என்ன, போகாட்டி என்ன? உள்ளயே என் தம்பி உக்காந்திருக்கான். அவனை விடவா எனக்கு ஒரு வக்கீல்?" என்று சிரித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

சாயங்காலம் அவன் வந்து அங்கியை வாங்கிக்கொண்டான். அடுத்த தேதி ஏப்ரல் பதினெட்டு என்றான். அவள் அதைத் தன் அளவு நோட்டின் அட்டையில் எழுதிவைத்தாள்.

மார்ச்சில் அறிக்கை அச்சாகி வந்தது. எங்கள் நீதிமன்றத்துக்கு முதல் இடம். நீதிபதி ஐயா மேலிடத்தில் பதவி கிடைத்துப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு ஒரு அம்மா வந்தார். குமாஸ்தாவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினான். அடித்த ஆணி கோணலாக இறங்க, அதை நேராக்கப் பிள்ளைகள் இருவரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து நானும் கைதட்டினேன்.

ஒவ்வொரு வருஷமும் மிஞ்சிப்போன பழைய அறிக்கைகளை அவன் அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுப்பான். தடித்த தாள். அதில் கைக்கும் தோளுக்கும் மாதிரி வெட்டி, துணி மேல் வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடு போடுவாள். இந்த வருஷம் பெருமை தாங்காமல் புது அறிக்கையிலேயே ஆறு பிரதி கொண்டுவந்துவிட்டான். அந்த ஒரு தப்பை அவன் செய்யாதிருந்தால் ஏப்ரல் வரை அவளுக்குத் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் ஒன்பது மணிக்கே தகித்தது. "அண்ணே, கொஞ்சம் கீழ வர்றீங்களா?" என்று குரல் கேட்டது. போனேன். தரையில் அறிக்கை விரிந்திருந்தது. பக்கத்தில் கத்தரிக்கோல். முதல் பக்கத்தில் நீதிபதி ஐயாவின் படம்.

"இந்தத் தோளைப் பாருங்க. துணி பத்தலைன்னு ரெண்டு மடிப்பு வச்சுச் சமாளிச்சேன். படத்துல தெரியவே இல்ல. அதைப் பார்த்து சிரிச்சுக்கிட்டேதான் பக்கத்தைப் புரட்டினேன்" என்றாள். பிறகு கடைசித் தாளைத் திருப்பி விரலை வைத்தாள். "இது என் நம்பர்தானே?"

பைசல் செய்யப்பட்ட பத்தாண்டு வழக்குகள் என்று தலைப்பு. ஒன்பது எண்கள். எட்டுக்கு எதிரே 'தீர்ப்பு'. ஒன்பதாவதற்கு எதிரே 'வாதி ஆஜராகாமையால் தள்ளுபடி'.

அந்தத் தாளை அடித்தவனும் நான்தான். அலுவலகத்துப் பிரிண்டர் மக்கர் பண்ணியதால் அறிக்கை முழுவதும் என் மேஜைக்கு வந்திருந்தது.

"உங்களுக்கும் தெரியுமாண்ணே?"

"வெறும் நம்பர்தாம்மா இருந்துச்சு. பேரு இல்ல."

"என் நம்பர் உங்களுக்குத் தெரியாதா? மொத மனுவே நீங்கதானே அடிச்சீங்க."

ஒரு நாளைக்கு இருநூறு எண் அடிக்கிறவனுக்கு எண்ணெல்லாம் விரலோடு போய்விடும், கண்ணுக்கு வராது. அது நிஜம். ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை.

குமாஸ்தா காய்கறிப் பையோடு உள்ளே வந்தான். தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் செத்துப்போனது.

"அக்கா, நான் சொல்றதைக் கேளு."

"சொல்லு."

"ஒரு மாசம் தூங்கட்டும்னுதான் வச்சேன். ஜனவரியில நானே எழுப்பிடலாம்னு இருந்தேன்."

"ஜனவரி எப்ப வந்துச்சு, எப்ப போச்சு?"

"இந்த வருஷம் புதுசா ஒரு விதி வந்துடுச்சு. அறிக்கை அச்சாகறதுக்குள்ள எழுப்பினா, அந்தக் கேஸைத் தனிக் கட்டத்துல காட்டி விளக்கம் எழுதணும். அப்புறம் காலின்னு சொன்னது காலி இல்லைன்னு ஆயிடும். ஐயாவோட பதவியே அதுலதான் தொங்கிட்டு இருந்துச்சு. அச்சாகட்டும்னு பொறுத்தேன்."

"முப்பது நாளுக்குள்ள எழுப்பணும்னு நீதானே எல்லாருக்கும் சொல்லுவ?"

கணக்கை நான் மனதுக்குள் போட்டேன். எண்பது நாள் ஆகியிருந்தது. முப்பது தாண்டினால் ஏன் தாண்டியது என்று நாள்வாரியாகக் காரணம் சொல்ல வேண்டும். நம்பும்படி இல்லையென்றால் வழக்கு எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

"ஏப்ரல் பதினெட்டுன்னு சொன்னியே, அது என்னடா தேதி?"

"ஏதோ ஒண்ணு சொல்லணுமேன்னு..."

"ஏதோ ஒண்ணு." அளவு நோட்டை எடுத்து அட்டையைப் பார்த்தாள். "தினம் காலையில இதைப் பார்த்துட்டுத்தாண்டா மிஷின்ல உக்காருவேன்."

அப்போது அவன் மனைவி சமையலறை வாசலுக்கு வந்தாள். "அண்ணி, உங்களை ஏமாத்தணும்னு அவரு பண்ணலை. அந்த ஆபீஸ் அவரை அப்படி ஆட்டி வைக்குது" என்றாள்.

"எதிராளி பண்ணியிருந்தா நான் அழுதிருப்பேம்மா. இவன் பண்ணினதுக்கு எனக்கு அழுகை கூட வரல" என்றாள் தையல்காரி. சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். மனசு கேட்காமல் நானும் பின்னால் போனேன்.

இரண்டு தெரு. அறையின் பூட்டு மாறியிருந்தது. வாசலில் செங்கல், மணல். இரண்டு கொத்தனார்கள் அந்த அகலமான ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் ஏறியிருந்தது. மேலே மிஞ்சிய சந்து வழியே உள்ளே மேஜை தெரிந்தது. அதன்மேல் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

"யாருங்க அடைக்கச் சொன்னது?" என்று கேட்டாள்.

"வீட்டுக்காரர்தான். கேஸெல்லாம் முடிஞ்சிடுச்சாம். குடோன் ஆக்கறாரு" என்றான் கொத்தனார், கரண்டியை நிறுத்தாமல். "குடோனுக்கு எதுக்கு ஜன்னல்?"

அவள் கிட்டே போனாள். வைத்த செங்கல் ஒன்றில் ஈரமாக வழிந்த சாந்தை விரலால் தொட்டுப் பார்த்து, சேலையில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் வக்கீலிடம் போனோம். வெளியூர் போய்விட்ட குற்றம் அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும், நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். குமாஸ்தாவும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தான். அவன் ஒரு யோசனையோடு வந்தான்.

"மஞ்சக்காமாலைன்னு போட்டுடலாம் சார். டிசம்பர் கடைசியிலேர்ந்து படுத்த படுக்கை. சர்டிபிகேட் நான் வாங்கித் தர்றேன். மூணு மாசத்துக்கும் சேர்த்து ஒரே காரணம்."

வக்கீல் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் கோட்டுக் கையை நீட்டிக் காட்டினார். "இந்தப் பட்டனை ஜனவரி ரெண்டாந்தேதி யார் தச்சுக் கொடுத்தது?"

குமாஸ்தா தரையைப் பார்த்தான்.

"என்னை விடு. எதிர்ப்பக்க வக்கீல் போன மாசம் அங்கி வாங்கிட்டுப் போனாரே, அது எந்தப் படுக்கையில படுத்துக்கிட்டுத் தச்சது? இந்தக் கோர்ட்டுல அம்மா கைபடாத முதுகு ஒண்ணு காட்டு. எல்லார் பேரும் தேதியோட அளவு நோட்டுல இருக்கு."

"அப்ப வேற என்னதான் வழி?"

"ஒரே வழிதான். நடந்ததை எழுதணும். வர வேணாம்னு சொன்னது யாரு, பொய்த் தேதி கொடுத்தது யாரு, மறைச்சது யாரு. அதை எழுதினா கேஸ் எழுந்திருக்கும், ஜன்னல் வேலைக்கும் அன்னைக்கே தடை கேக்கலாம்." வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதினா உன் வேலை இருக்காது."

அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது, சாப்பிட ஆள் வரவில்லை. சோறும் குழம்பும் தட்டில் காய்ந்தன. குமாஸ்தாவின் மனைவி மாடிப்படி வரை வந்து, "அண்ணே, நீங்க சொன்னா அண்ணி கேப்பாங்க. ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?" என்றாள். நான் என்ன சொல்வது? அந்தத் தாளை அடித்த கை என்னுடையது. யாரையும் எதுவும் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. "அவங்க இஷ்டம்மா" என்று மட்டும் சொன்னேன்.

படியடியில் நின்றிருந்த தையல்காரிக்கு அது கேட்டிருக்கிறது. மேலே பார்த்துச் சொன்னாள். "உன் பிள்ளைங்களுக்கு நான் இருக்கேம்மா. ராத்திரி பகலாத் தச்சாவது பார்ப்பேன். ஆனா தைக்கறதுக்குக் கண்ணு வேணும், கண்ணுக்கு வெளிச்சம் வேணும். இவன் என்கிட்ட மொதல்லயே வந்து, 'அக்கா, ஐயாவுக்காக உன் கேஸைத் தூங்க வைக்கட்டுமா'ன்னு கேட்டிருந்தா, சரின்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். கேக்கலையே. கையில துணியைக் கொடுத்து உக்கார வச்சுட்டுப் போயிட்டானே."

அடுத்த நாள் காலை பத்தரைக்கு அவள் என் மேஜைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். வக்கீல் எழுதிக் கொடுத்த குறிப்பு கையில் இருந்தது. அதைப் பார்க்காமல் தானே சொன்னாள். நான் அடித்தேன். எத்தனையோ மனு அடித்திருக்கிறேன். காய்ச்சல், விபத்து, உறவினர் மரணம், பேருந்து வரவில்லை. இதுபோல ஒன்றை அடித்ததில்லை.

"அன்னைக்கு நான் நல்லாத்தான் இருந்தேன். கோர்ட்டுக்கு வர வேணாம்னு இந்த நீதிமன்றக் குமாஸ்தாவான என் கூடப்பிறந்த தம்பி சொன்னான். நான் நம்பினேன். அடுத்த தேதின்னு ஒண்ணு சொன்னான். அதையும் நம்பினேன். என் கேஸ் முடிஞ்சுபோச்சுன்னு அறிக்கையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுகிட்டேன்."

'நம்பினேன்' என்ற இடத்தில் என் விரல் நின்றது. மனுவில் அப்படி எழுதும் வழக்கம் இல்லை. 'நல்லெண்ணத்தில் ஏற்றுக்கொண்டேன்' என்றுதான் போடுவோம்.

"மாத்தாதீங்கண்ணே" என்றாள். மாற்றவில்லை.

மனு வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன் அவள் தம்பி. வேறு ஆளிடம் கொடுத்திருக்கலாம், பக்கத்து மேஜையில் இன்னொருவர் இருந்தார். அவள் நேராக அவனிடம் நீட்டினாள். அவன் படித்தான். ஒரு தடவை முழுதாக, மறுபடி பாதி. காது மடல் சிவந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வரிசையில் பின்னால் நாலு பேர் நின்றார்கள். நான் என் மேஜையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கமில்லாமல்.

கிழித்துப் போடுவான் என்று ஒரு நொடி பயந்தேன். இல்லை. முத்திரையை எடுத்து மையில் தொட்டு, ஓரம் பிசகாமல் குத்தினான். தேதி போட்டான். பதிவேட்டைத் திறந்து எண் கொடுத்தான். எழுப்புகிற மனுவுக்கு அந்த வருஷத்துப் புது எண்தான் விழும். அடுத்த கட்டம் 'வழக்கின் வயது'. அதில் பூஜ்யம் போட்டான்.

"என்னடா அது?" என்று கேட்டாள்.

"வயசு. இன்னைக்குத்தானே பதிவாகுது. அப்படித்தான் போடுவோம்."

"பதினொண்ணு போடு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். தன் வேலை போகப்போகிறது என்று தெரிந்தவன், அக்காவின் முகத்தை எதிரே பார்க்கிறவன், அப்போதும் இதைத்தான் சொன்னான்: "பதினொண்ணு போட்டா இந்த வருஷம் பத்தாண்டுக் கட்டம் காலியா இருக்காதுக்கா."

ஒரு மன்னிப்பு வரும் என்று அந்த வினாடி வரை அவள் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். கட்டிய கையை அப்போதுதான் பிரித்தாள்.

"காலியா இருக்க வேணாம்டா. அதுல நான் இருக்கேன்" என்றாள்.

அவன் பூஜ்யத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் பதினொன்று என்று எழுதினான். அவள் ரசீதை வாங்கி அளவு நோட்டுக்குள் வைத்தாள். அட்டையில் இருந்த ஏப்ரல் பதினெட்டைத் தையல் சுண்ணக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டு, ஜன்னல் வேலைக்குத் தடை கேட்க வக்கீலைத் தேடிக்கொண்டு போனாள்.